ஃப்ளேர் நட்டிலிருந்து தொடங்கட்டும்

மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,
தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம்,
கிண்டி, சென்னை.



மறைமலையடிகள் பாலத்துக்கு வடக்கே நான் இருக்கிறேன், தெற்கே உங்கள் அலுவலகம் இருக்கிறது. நடுவில் அடையாறு ஓடுகிறது. இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் காலையில் ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், கலைக் கல்லூரியில் படித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், கிண்டி எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கிற பெண்கள் என்று எல்லாரும் உண்டு. அடுத்த வேலைக்கான நேர்முகத்தில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்ற கவலைதான் அவர்களை என் வீட்டுப் படியேற வைக்கிறது. நான்கு ஆண்டுகளாக அவர்களோடு உட்கார்ந்து கண்டதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இந்த மடல்.

முதலில் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்து மூன்று வயது. ஏ.சி. மெக்கானிக். ஒருநாள் பேச்சுவாக்கில், போன மாதம் என்னப்பா வேலை பார்த்தாய் என்று கேட்டேன். "மிஸ், ஒரு வீட்டுல ஏ.சி. ஓடுது, கூலிங் இல்ல. கேஸ் இல்லன்னு சொல்லி ரெண்டு தடவ கேஸ் அடிச்சுட்டுப் போயிருக்காங்க. நான் போய் ஃப்ளேர் நட்டுல சோப்புத் தண்ணி வச்சுப் பாத்தேன். அங்கதான் லீக்கு. பைப்ப வெட்டி ஃப்ளேர மறுபடி அடிச்சு, வேக்யூம் போட்டு, அதுக்கப்புறம்தான் கேஸ் ஏத்தினேன். இதுவரைக்கும் அந்த வீட்லேர்ந்து கால் வரல" என்றான். ஒரு மூச்சில் சொல்லிவிட்டான். கோளாறு என்ன, மற்றவர்கள் எங்கே தவறவிட்டார்கள், தான் எப்படிக் கண்டுபிடித்தான், என்ன செய்தான், பலன் என்ன, எல்லாம் அதில் இருந்தது. உலகத்தில் எந்த முதலாளியும் கேட்க விரும்புகிற பதில் அது.

அதே பையன் ஒரு பெரிய நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவுக்கு நேர்முகம் போனான். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றார்களாம். எங்கோ மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். மைசெல்ஃப் இன்னார், ஐ யாம் எ ஹார்ட் ஒர்க்கிங் அண்ட் டைனமிக் பெர்சன், மை ஸ்ட்ரெங்த் இஸ் பாசிட்டிவ் ஆட்டிட்யூட். சரி, என்ன வேலை செய்திருக்கிறாய் என்று அடுத்த கேள்வி ஆங்கிலத்திலேயே வந்தது. அவனிடம் பதில் இல்லை. அந்த ஃப்ளேர் நட் ஞாபகம் வரவில்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் இங்கிலீஷ்ல சொல்ற விஷயமா மிஸ்?" என்றான்.

அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. தன் கையால் செய்த வேலை ஆங்கிலத்துக்குள் வர அருகதை இல்லாதது என்று அந்தப் பிள்ளைக்கு நம்மில் யாரோ கற்பித்திருக்கிறோம். என் வகுப்புகளில் நானும் அதைச் செய்திருப்பேன். மாட்டுப் பொங்கலைப் பற்றியும் புத்தகத் திருவிழாவைப் பற்றியும் கட்டுரை எழுத வைத்தேன். உன் அப்பா இன்று என்ன வேலை செய்தார் என்று எழுதச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

2022 மார்ச் 1ஆம் தேதி தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது அதில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் சேர்ந்திருந்ததைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் அரசுக் கல்லூரிப் பிள்ளைக்கும் இப்படி ஒரு கதவு இதற்கு முன் இவ்வளவு அகலமாகத் திறந்ததில்லை. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கே எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். வேலையைப் பற்றிப் பேசுகிற ஆங்கிலத்தைத் தமிழில் அவர்கள் வேலையைச் சொல்கிற விதத்திலிருந்து தொடங்குங்கள். அது ஏன் முடியும், ஏன் அதுதான் சுருக்கு வழி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல விடுங்கள்.

'வேலை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனை காரியம் பார்க்கிறோம்! வேலை கிடைத்தது என்கிறோம், வேலை இருக்கிறது என்கிறோம், வேலை முடிந்தது என்கிறோம், ஒரு வேலையாக வெளியே வந்தேன் என்கிறோம், அவன் வேலையைக் காட்டிவிட்டான் என்றும் சொல்கிறோம். ஆங்கிலக்காரர்கள் இதைப் பங்கு போட்டுவிட்டார்கள். கிடைப்பதும் போவதும் 'ஜாப்'. அதை எண்ணலாம், ஒன்று இரண்டு என்று. செய்வது 'ஒர்க்'. அதை எண்ண முடியாது, தண்ணீரைப் போல. "எனக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு" என்பதை நம் பிள்ளை "ஐ காட் எ ஒர்க்" என்று சொல்வது இதனால்தான். அவன் முட்டாள் இல்லை. தமிழ் அவனுக்கு ஒரே பாத்திரத்தைக் கொடுத்தது, ஆங்கிலம் இரண்டு பாத்திரம் கேட்கிறது. இதைத் தமிழில் இரண்டு நிமிடம் சொன்னால் போதும். ஆங்கிலத்திலேயே 'கவுண்டபிள், அன்கவுண்டபிள்' என்று கரும்பலகையில் எழுதி நான் எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! ஒருவருக்கும் ஒட்டவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறன்று ஒரு பெண் கை தூக்கினாள். "அப்ப பப்ளிக் ஒர்க்ஸ் டிபார்ட்மென்ட்னு போட்டிருக்காங்களே மிஸ்?" சேப்பாக்கத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பலகையைப் பார்த்திருக்கிறாள். நல்ல கேள்வி. சென்னை மாகாணத்தில் அந்தத் துறை 1858இல் ஏற்பட்டது. பாலம், ஏரி, கால்வாய், கட்டடம் என்று கட்டி முடித்து நிற்கிறவற்றுக்கு 'ஒர்க்ஸ்' என்பது பழைய வழக்கு. கட்டினவனின் உழைப்பு ஒர்க், கட்டி நிற்பது ஒர்க்ஸ். அன்றைக்கு அந்தப் பெண்ணால் எல்லாருக்கும் அது பதிந்துபோனது.

காலத்துக்கு வருகிறேன். நேர்முகத்தில் அதிகம் பேர் இடறி விழுகிற இடம் இதுதான். "மூணு வருஷமா அங்க வேலை பாக்குறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே தூக்கிப்போட்டால் "ஐ யாம் ஒர்க்கிங் தேர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று வரும். ஆங்கிலம் இங்கே வேறு கணக்கு வைத்திருக்கிறது. அன்று தொடங்கி இன்றுவரை ஓடுகிற வேலைக்கு அதற்கென்று ஒரு வினைவடிவம் உண்டு: ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங். இது பழக வேண்டிய விஷயம். ஆனால் 'ஃபார்' எது, 'சின்ஸ்' எது என்பதைப் பழகவே வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. "மூணு வருஷமா" என்று 'ஆ' போட்டு இழுத்தால் அது ஃபார். "2021லேர்ந்து" என்று புறப்பட்ட இடத்தைச் சொன்னால் அது சின்ஸ். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் "2021ஆ வேலை பாக்குறேன்" என்று சொல்லமாட்டான். அவன் தலைக்குள் இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது. அதற்கு ஆங்கிலப் பெயர்ச்சீட்டு ஒட்டுவதுதான் ஆசிரியரின் வேலை.

"பாக்குறேன்", "பாத்துட்டிருக்கேன்" என்பதும் அப்படித்தான். நிலையான வேலையில் இருப்பவன் "கொரியர்ல வேலை பாக்குறேன்" என்பான். வேறு நல்லது கிடைக்கிறவரை ஒப்புக்கொண்டவன் "இப்போதைக்கு கொரியர்ல பாத்துட்டிருக்கேன்" என்பான். முதலாவது ஐ ஒர்க். இரண்டாவது ஐ யாம் ஒர்க்கிங். நம்மவர்கள் எல்லா இடத்திலும் 'ஐ யாம் ஒர்க்கிங்' என்றே சொல்வதால், எதிரில் இருப்பவர் சில நேரம் இவன் எங்கும் நிற்கமாட்டான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு.

இந்த நகரத்தில் எழுதப்பட்ட வேலை விண்ணப்பங்களிலேயே புகழ்பெற்றது எது என்று கேட்டால் நான் 1912 பிப்ரவரி 9 தேதியிட்ட ஒன்றைச் சொல்வேன். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு, திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு இளைஞர் குமாஸ்தா வேலை கேட்டு எழுதியது. பெயர் சீனிவாச ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தபோது ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர் அவர். விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், எதிர்பாராத சில சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியவில்லை, ஆனாலும் என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து வந்திருக்கிறேன், வேலை கொடுத்தால் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவ்வளவுதான். கூடவே மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரைக் கடிதம். மார்ச் 1ஆம் தேதி வேலையில் சேர்ந்துவிட்டார்.

என் மாடிப் பிள்ளைகளுக்கு இந்த விண்ணப்பத்தை வரி வரியாகப் பிரித்துக் காட்டுவேன். "கணிதத்துக்கே கொடுத்து வந்திருக்கிறேன்" என்று அவர் சொல்லும் இடத்தில் வருவது அந்த 'ஹேவ் பீன்' வடிவம்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும், துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு இருபது பவுண்ட் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பள்ளியை விட்ட பிறகு கிடைத்த நேரத்தையெல்லாம் கணிதத்தில் செலவிட்டு வந்திருக்கிறேன் என்று அதே வடிவத்துக்கு வருகிறார். நண்பர்கள் யாராவது கடிதத்தைத் திருத்திக்கொடுத்திருக்கலாம். அதனால் என்ன? நாமும் திருத்திக்கொடுக்கத்தானே இருக்கிறோம். நான் கடினமாக உழைப்பவன் என்றோ நல்ல மனப்பான்மை உடையவன் என்றோ அவர் எழுதவில்லை. என்ன செய்துவந்தேன் என்று எழுதினார்.

அந்த வேலை விண்ணப்பத்தில் 'பெக்' என்ற சொல் வருகிறது, பணிந்து வேண்டுகிறேன் என்ற பொருளில். அக்காலத்து வழக்கு அது. 1844 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்ததிலிருந்து ஆங்கிலம் இந்நாட்டில் வேலைக்கான மொழியாக நிலைத்தது. நம் மக்கள் கைக்கு அது முதலில் மனுவாகத்தான் வந்தது. கேட்கிறவன் கீழே, கொடுக்கிறவன் மேலே. இன்றும் என் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருகிற விண்ணப்பங்களில் 'கைண்ட்லி', 'ஹம்பிளி', 'டூ தி நீட்ஃபுல்' என்று இந்தப் பணிவு நிறைந்திருக்கும். வேலையைப் பற்றி ஒரு வினைச்சொல் இருக்காது. பணிவை நான் குறை சொல்லவில்லை. அது நம் பண்பு. ஆனால் பணிவுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை வேலைக்கும் கொடுக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

ராமானுஜனின் "எதிர்பாராத சில சூழ்நிலைகள்" என்ற சொற்களை ஒரு பெண்ணுக்காக நான் பலமுறை எடுத்தேன். பி.காம். முடித்து ஒரு கணக்காளரிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் வேலையை விட்டாள். வாரம் மூன்று நாள் மருத்துவமனை, மாத்திரைக் கணக்கு, காப்பீட்டுத் தாள்கள், வீட்டுச் சமையல், தம்பியின் படிப்பு. மூன்று வருடம் போயிற்று. அம்மா இறந்த பிறகு மறுபடி வேலை தேடுகிறாள். நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "சும்மாதான் இருந்தேன் மிஸ். ஐ வாஸ் சிம்ப்ளி சிட்டிங் அட் ஹோம்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. நம் வீடுகளில் வெளிவேலைக்குப் போகாதவள் எல்லாருமே 'சும்மா' இருப்பவள்தான். அந்தச் சும்மாவுக்குள் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் இருக்கும். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்பவருக்கு அதன் உள்ளே இருப்பது தெரியும். ஆங்கிலத்தில் 'சிம்ப்ளி சிட்டிங்' என்றால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் என்று மட்டுமே பொருள். இரண்டு வாரம் உட்கார்ந்து அவள் பதிலைக் கட்டினோம். மூன்று ஆண்டுகள் என் தாயைக் கவனித்துக்கொண்டேன், அவருடைய சிகிச்சைச் செலவுகளையும் காப்பீட்டுக் கோரிக்கைகளையும் நானே கையாண்டேன், இப்போது முழுநேர வேலைக்குத் தயாராக இருக்கிறேன். ஆங்கிலத்தில் மூன்று சிறு வாக்கியம். முதல் முறை அதைச் சத்தமாகச் சொன்னபோது அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

வேலை போனதைச் சொல்வதில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. "நிறுத்திட்டாங்க" என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பாண்டி பஜாரில் ஒரு கடை மூடப்பட்டதால் வேலை இழந்த பையன் படிவத்தில் 'டிஸ்மிஸ்டு' என்று எழுதிவைத்திருந்தான். சினிமாவில் கேட்ட சொல். தவறு செய்து, தண்டனையாக வெளியேற்றப்பட்டவன் என்று அதற்குப் பொருள். அந்த ஒரு சொல்லுக்காகவே அவன் விண்ணப்பம் ஓரமாகப் போயிருக்கும். கடை மூடப்பட்டது என்று எழுதினால் முடிந்தது. 'லே-ஆஃப்' என்பதும் இப்படித்தான். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் அதற்கு வகுத்த பொருள் வேறு. மின்சாரமோ மூலப்பொருளோ இல்லாமல் முதலாளியால் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலை அது. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். ஒரேயடியாக வேலையை விட்டு எடுக்கும் ஆட்குறைப்புக்கு அந்தச் சட்டத்தில் 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்று தனிச் சொல் இருந்தது. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளிலோ லே-ஆஃப் என்றால் ஒரேயடியாகப் போவதுதான். ஒரே சொல், இரண்டு உலகம். அம்பத்தூரில் ஆலை வேலை பார்த்த அப்பாவும் மென்பொருள் வேலை பார்க்கிற மகளும் ஒரே வீட்டில் அதை இரண்டு பொருளில் சொல்லிக்கொண்டிருக்கலாம். இவற்றையெல்லாம் சம்பளச் சீட்டோடும் நியமனக் கடிதத்தோடும் சேர்த்துச் சொல்லித்தர ஒரு வகுப்பு வேண்டாமா?

இன்னொன்று, நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது. தமிழில் 'நான்' என்று சொல்லாமலே ஒருவர் தன் வேலையை முழுவதும் சொல்லிவிட முடியும். பார்த்தேன், வெட்டினேன், மாட்டினேன், ஏற்றினேன். அந்த 'ஏன்' விகுதிக்குள் 'நான்' அடங்கி உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு முறையும் 'ஐ' என்று எடுத்துச் சொல்ல வேண்டும், அதையும் பெரிய எழுத்தில். "நான் நான்னு சொல்லிட்டே இருந்தா தலைக்கனம் பிடிச்சவன்னு நெனப்பாங்க மிஸ்" என்று கூச்சப்படுகிறார்கள். அதனால் எல்லாவற்றையும் 'வீ' ஆக்கிவிடுகிறார்கள், அல்லது யாரோ செய்தது மாதிரி சொல்லிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவருக்கு இவன் என்ன செய்தான் என்றே தெரிவதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆங்கிலத்தின் 'ஐ' உன் 'ஏன்' விகுதி, அதற்கு மேல் அதில் கர்வம் எதுவும் இல்லை. ரெஸ்யூம் எழுதும்போது பாருங்கள், ஆங்கிலக்காரர்களே அந்த 'ஐ'யை எடுத்துவிட்டு வெறும் வினைச்சொல்லில்தான் வரியைத் தொடங்குகிறார்கள். அந்த இடத்தில் ஆங்கிலம் நம்மைப் போலவே பேசுகிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் வருகிற நிம்மதியைப் பார்க்க வேண்டும்.

ஆனால் நம் ஆங்கிலம் முழுவதையும் தவறு என்று அடித்துத் திருத்துகிற பயிற்சியாளர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று ஒரு பெண் சொன்னதற்கு, அதற்கு மயங்கி விழுந்தேன் என்றுதான் பொருள் என்று எல்லார் முன்னாலும் சிரித்தாராம் ஒருவர். நம் பரங்கிமலையில் 1963 முதல் இருக்கிற ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்புக்கு என்ன பெயர்? பாஸிங் அவுட் பரேட். அந்தச் சொல் பிரிட்டிஷ் ராணுவத்திலேயே உண்டு. இந்தியாவுக்குள் அதைத் தாராளமாகச் சொல்லலாம், வெளிநாட்டாரிடம் பேசும்போது 'கிராஜுவேட்டட்' என்று மாற்றிக்கொண்டால் சரி. எது இங்கே செல்லும், எது அங்கே செல்லாது என்று சொல்லித்தருவதுதான் பயிற்சி. 'ஐ யாம் இன் கிண்டி ஒன்லி' என்று வருவது நம் 'கிண்டியிலதான்' என்பதன் 'தான்'. போனை எடுத்ததும் 'டெல் மீ சார்' என்பது நம் 'சொல்லுங்க சார்'. 'சொல்லுங்க'வின் 'ங்க' ஆங்கிலத்தில் உதிர்ந்துபோவதால் அது அதட்டல் மாதிரி ஒலிக்கிறது. 'ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ' என்பதில் அந்த 'ங்க' திரும்பக் கிடைக்கும். மரியாதை தெரியாமல் இல்லை, அது எந்தச் சொல்லில் ஏறுகிறது என்பதுதான் தெரியவில்லை.

இதற்கு எவ்வளவு ஆங்கிலம் தேவைப்படுகிறது என்றும் பாருங்கள். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஆறு படிகள். தன் படிப்பையும் இப்போது செய்கிற அல்லது கடைசியாகச் செய்த வேலையையும் எளிய வாக்கியங்களில் சொல்ல முடிவது அதில் இரண்டாம் படி. ஆறில் இரண்டு! பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்துவிட்டு வருகிற பிள்ளை அந்த இரண்டாம் படியில் நின்று பேச முடியாமல் போவதற்கு, அந்தப் படியில் நாம் அவனை நிறுத்தவே இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி நான் கேட்பவை.

தமிழில் ஒரு சிறு நூல் போடுங்கள். வேலையைப் பற்றிய ஆங்கிலத்தைத் தமிழ் வினைகளிலிருந்து விளக்குகிற நூல். கொத்தனாருக்கு 'மேசன்' இருக்கிறது, சித்தாளுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை. 'ஹெல்பர்' என்று எழுதினால் கலவை போட்டதும் செங்கல் சுமந்ததும் சாரத்தில் ஏறி எடுத்துக்கொடுத்ததும் காணாமல் போகும். அங்கே சொல்லைத் தேடாமல் வேலையைச் சொல்லத் தெரிய வேண்டும். ஏ.சி. மெக்கானிக், தையல், டெலிவரி, செவிலியர், கணக்கு, கடை விற்பனை என்று தொழில் தொழிலாக, அந்தந்தத் தொழிலில் இருப்பவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லி அவர்கள் வாயிலிருந்தே எழுதுங்கள்.

அதை எழுத ஆட்கள் தொலைவில் இல்லை. 1856இல் வேப்பேரியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, பிறகு சைதாப்பேட்டைக்கு வந்த ஆசிரியர் கல்லூரி உங்களிடமிருந்து நடந்துபோகிற தூரம்தான். பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் 1910இல் ஆசிரியர் பயிற்சி பெற்ற இடம் அது. நானும் அங்கே பி.எட். படித்தவள். ஆங்கிலம் கற்பிக்கப் பழகுகிற அத்தனை இளம் ஆசிரியர்களும், வேலை தேடுகிற அத்தனை பிள்ளைகளும் ஒரே பேட்டைக்குள் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கிறார்கள். கற்பித்தல் பயிற்சியில் சில வாரங்களை உங்கள் மையங்களில் கழிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பயிற்சியின் முதல் நாளில் ஆங்கிலமே வேண்டாம். ஒவ்வொருவரும் தான் செய்த ஒரு வேலையைத் தமிழில் ஐந்து நிமிடம் சொல்லட்டும், கைபேசியில் பதிவு செய்துகொள்ளட்டும். அடுத்த வாரங்களில் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகலாம். சொந்தச் சரக்கு கையில் இருப்பவனுக்கு மனப்பாடம் தேவைப்படாது. பயிற்சி நிறுவனங்கள் கொடுக்கிற அச்சடித்த சுய அறிமுகங்களைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

வேலைவாய்ப்பு முகாமுக்கு வருகிற நிறுவனங்களிடமும் ஒரு வார்த்தை. வேலைக்கு ஆங்கிலம் தேவையில்லாத இடங்களுக்கு நேர்முகத்தைத் தமிழில் நடத்தச் சொல்லுங்கள். தேவைப்படும் இடங்களில், உன்னைப் பற்றிச் சொல் என்று தொடங்காமல், நீ கடைசியாகச் சரிசெய்த ஒரு பொருளைப் பற்றிச் சொல், நீ சமாளித்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொல் என்று கேட்கச் சொல்லுங்கள். கேள்வி சரியாக இருந்தால் பாதி ஆங்கிலம் தானாக வரும்.

இப்படித் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதால் தமிழுக்குக் குறை வருமோ, ஆங்கிலத்தில் கலப்பு வருமோ என்று தயங்குபவர்கள் இருக்கலாம். நம் இரண்டு கரைகளையும் இணைக்கிற பாலத்துக்குப் பெயர் கொடுத்த பெரியவரையே அவர்களுக்குச் சொல்லுங்கள். 1726இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தன் பணத்தில் கட்டிய பழைய மார்மலாங் பாலம் நின்ற இடத்தில்தான் இன்று மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் 1908இல் 'ஓரியண்டல் மிஸ்டிக் மைனா' என்று ஓர் ஆங்கில இதழும் நடத்தினார். தமிழில் உறுதியாக நின்றவர் ஆங்கிலத்திலும் தன் கருத்தைத் தானே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் பயிற்சிப் பிரிவிலிருந்து யாரையாவது எங்கள் மாடிக்கு அனுப்பிவையுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும். அந்த ஏ.சி. மெக்கானிக் பையன் அடுத்த மாதம் இன்னொரு நேர்முகத்துக்குப் போகிறான். இந்த முறை ஃப்ளேர் நட்டிலிருந்து ஆரம்பிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறான். சோப்புத் தண்ணிக்கு மட்டும் ஆங்கிலத்தில் என்ன மிஸ் என்று நேற்றுப் போன் செய்து கேட்டான்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை,
சைதாப்பேட்டை, சென்னை 600 015.